சுருக்கமும் தெளிவும்: ஆய்வு நடையின் செம்மையாக்கம் பற்றிய நெடிய விவாதம்

ஆய்வேட்டையோ ஆய்வுக் கட்டுரையையோ செம்மையாக்க அமர்பவர் எதை வெட்டலாம், எதைத் தொடக் கூடாது? சுருக்கமாக எழுதுங்கள், தெளிவாக எழுதுங்கள் என்று நெறியாளர்களும் ஆய்விதழ் ஆசிரியர்களும் ஒரே மூச்சில் அறிவுறுத்துகிறார்கள். சொற்களைக் குறைத்தால் பொருள் தானே விளங்கிவிடும் என்ற நம்பிக்கை இந்த அறிவுரைக்குள் இருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. அதை ஐயுற்றவர்களின் வரலாறும் அதே அளவு நீளமானது.

இந்தக் கேள்விக்குக் கிடைத்துள்ள முதன்மையான விடைகளையும், அவை பிறந்த சூழலையும், ஒவ்வொன்றின் வலுவின்மையையும் இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. விவாதத்தின் பெரும்பகுதி ஆங்கில ஆய்வு நடையைச் சுற்றியே நடந்திருக்கிறது. தமிழுக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பதும் அந்தந்த இடத்தில் கவனிக்கப்படுகிறது.

நூற்பாவும் உரையும்

தமிழில் இந்தக் கேள்வி மிகப் பழையது. தொல்காப்பியத்தின் மரபியல், ஒரு நூலுக்கு நேரக்கூடிய சிதைவுகளை வரிசைப்படுத்துகிறது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிற்றரசன் சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், தன் பாயிரத்தில் நூலுக்குப் பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் வகுத்துச் சொல்கிறது. சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும் அந்த அழகுகளில் இரண்டு. குற்றங்களிலோ மிகைபடக் கூறலுக்கு இணையாகக் குன்றக் கூறலும் இடம்பெறுகிறது. சுருக்கத்தையும் விளக்கத்தையும் தனித்தனியாக எண்ணியதும், மிகையோடு குறைவையும் குற்றமாக வைத்ததும் கூர்மையான பார்வை. சொற்குறைப்பை மட்டும் இலக்காகக் கொண்ட செம்மையாக்கம் இந்த அளவுகோலின்படி பாதி வேலைதான்.

நடைமுறையில் மரபு இவ்விரு கடமைகளையும் இரு வகை எழுத்துக்குப் பங்கிட்டுக் கொடுத்தது. நூற்பா சில சொற்களில் பல பொருளை அடக்கியது. உரை அதை விரித்துக் காட்டியது. கருத்து, சொற்பொருள், எடுத்துக்காட்டு, வினா விடை ஆகியவற்றால் நூற்பாவின் பொருளை வெளிக்கொணர்வது காண்டிகையுரை. அதற்கு மேலும் விரிவாகத் தேவையானவற்றையெல்லாம் சேர்த்துச் சொல்வது விருத்தியுரை. நன்னூலுக்கே சங்கர நமச்சிவாயர் விருத்தியுரை எழுத, சிவஞான முனிவர் அதைத் திருத்தினார். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் மாணவர்களுக்கு ஏற்ற காண்டிகையுரையை எழுதினார். வாசகர் மாறும்போது உரையின் அளவும் மாறும் என்பதை இந்த வரிசையே காட்டுகிறது.

இந்த விடைக்கு இரண்டு எல்லைகள் உள்ளன. ஒன்று, எது மிகை, எது குறைவு என்று அளக்கும் வழியை அது சொல்வதில்லை. அதை ஆசிரியரின் தேர்ச்சிக்கு விட்டுவிடுகிறது. மற்றொன்று, நூற்பாவின் சுருக்கம் மனப்பாடத்துக்காக ஏற்பட்டது. அருகில் ஆசிரியரும் உரையும் உண்டு என்ற துணிவில்தான் அது அவ்வளவு சுருங்கியது. இன்றைய ஆய்வுக் கட்டுரைக்கு அந்தத் துணை இல்லை. நூற்பாவின் வேலையையும் உரையின் வேலையையும் அது தனியாகவே செய்தாக வேண்டும்.

எளிய நடை என்ற கொள்கை

இங்கிலாந்தில் 1660இல் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம் தொடங்கியது. அதன் வரலாற்றை 1667இல் வெளியிட்ட தாமஸ் ஸ்ப்ராட், அலங்காரத்தையும் கிளைக்கதைகளையும் களைந்து கணிதத்தை ஒத்த எளிமையோடு எழுதுவதே அறிவியலுக்கு உரிய நடை என்று வாதிட்டார். உள்நாட்டுப் போரில் நாவன்மை செய்த கேட்டைக் கண்டிருந்த தலைமுறைக்கு, எளிய நடை அறிவின் ஒழுக்கமாகவே தோன்றியிருக்க வேண்டும்.

20ஆம் நூற்றாண்டில் இந்தக் கொள்கை கையேடுகளாக வடிவெடுத்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஸ்ட்ரங்க் 1918இல் தம் மாணவர்களுக்காக அச்சிட்ட சிறு நூல், 1959இல் ஈ. பி. ஒயிட் திருத்தி விரித்த பதிப்பால் பெரும் புகழ் பெற்றது. தேவையில்லாத சொல்லை நீக்குவது அதன் தலையாய விதி. ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய கட்டுரை, தேய்ந்துபோன தொடர்களை அரசியல் பொய்யோடு இணைத்துக் கண்டித்தது. எர்னஸ்ட் கவர்ஸ் 1948இல் பிரிட்டிஷ் அரசு அலுவலர்களுக்காக எளிய சொல் கையேடு எழுதினார். அதே ஆண்டு ருடால்ஃப் ஃபிளெஷ், வாக்கிய நீளத்தையும் சொல்லின் அசை எண்ணிக்கையையும் கொண்டு வாசிப்பு எளிமையைக் கணக்கிடும் சூத்திரத்தை வெளியிட்டார். அரசு ஆவணங்கள் எளிய நடையில் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 2010இல் சட்டமே இயற்றியது.

இந்தக் கொள்கை செய்த நன்மை பெரிது. ஆய்வு வாசகருக்கும் பொதுமக்களுக்கும் மதிப்புத் தர வேண்டும் என்ற எண்ணத்தை நிலைநிறுத்தியது அதுதான். ஆயினும் அதன் விதிகள் பெரும்பாலும் வாக்கியத்தின் மேற்பரப்பையே பார்க்கின்றன. ஸ்ட்ரங்க்–ஒயிட் நூலின் ஐம்பதாம் ஆண்டில், 2009இல், மொழியியலாளர் ஜெஃப்ரி புல்லம் அதைக் கடுமையாக விமர்சித்தார். செயப்பாட்டு வினையைத் தவிர்க்கச் சொல்லும் பகுதியில் தரப்பட்ட நான்கு எடுத்துக்காட்டுகளில் மூன்று செயப்பாட்டு வாக்கியங்களே அல்ல என்பது அவர் காட்டிய குறைகளில் ஒன்று. செயப்பாட்டு வினைக்கு ஆய்வில் நியாயமான இடமும் உண்டு. ‘மண் மாதிரிகள் 105 பாகை செல்சியஸில் உலர்த்தப்பட்டன’ என்ற வாக்கியத்தில் உலர்த்தியவர் யார் என்பது வாசகருக்குத் தேவையில்லை.

வாசிப்பு எளிமைச் சூத்திரங்களைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவருவதும் கடினம். உருபுகளும் துணைவினைகளும் ஒட்டிக்கொள்ளும் மொழியில் சொல் இயல்பாகவே நீளும். ஒரே தொடரைச் சேர்த்தெழுதினால் ஒரு சொல், பிரித்தெழுதினால் மூன்று சொல் என்று கணக்கு மாறும். வாசகரின் சிரமமோ அந்தக் கணக்கைப் பின்பற்றுவதில்லை.

வாசகரின் எதிர்பார்ப்பு

விதிகளிலிருந்து வாசகரின் பக்கம் கவனத்தைத் திருப்பியவர்களில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜோசப் வில்லியம்ஸ் முதன்மையானவர். 1981இல் வெளிவந்த அவருடைய நடை நூல், வாக்கியத்தின் எழுவாயில் செய்பவரையும் வினையில் செயலையும் வைக்கச் சொல்கிறது. அதே ஆண்டு பிழைகளைப் பற்றி அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் வேண்டுமென்றே ஏறத்தாழ நூறு பிழைகளைப் பொதித்துவிட்டு, முடிவில் அதை வெளிப்படுத்தினார். கட்டுரை வந்தது எழுத்துப் பயிற்சி ஆசிரியர்களுக்கான இதழில். ஆனாலும் படித்தவர்களில் பெரும்பாலோர் அவற்றைக் கவனித்திருக்கவில்லை. பிழையைத் தேடிப் படிப்பதும் பொருளுக்காகப் படிப்பதும் வெவ்வேறு வேலைகள் என்று இதிலிருந்து கொள்ளலாம். மெய்ப்புப் பார்ப்பதோடு செம்மையாக்கம் முடிந்துவிடாததற்கும் இதுவே காரணம்.

ஜார்ஜ் கோபனும் ஜூடித் ஸ்வானும் 1990இல் இந்தப் பார்வையை அறிவியல் எழுத்துக்கு விரித்தனர். தெரிந்த செய்தியை வாக்கியத்தின் தொடக்கத்திலும், அழுத்தம் பெற வேண்டிய புதிய செய்தியை அதன் முடிவிலும் வாசகர் எதிர்பார்க்கிறார் என்பது அவர்கள் வாதம். எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்தது இருந்தால் நீண்ட வாக்கியமும் விளங்கும். இல்லாவிட்டால் குறுகிய வாக்கியமும் குழப்பும்.

இதன் வலு, வாசகரின் மனவோட்டத்தைச் செம்மையாக்கத்தின் அளவுகோலாக்கியது. இதன் வரம்பு, அந்த எதிர்பார்ப்புகள் ஆங்கிலச் சொல்வரிசையோடு பிணைந்தவை என்பது. தமிழ் வாக்கியம் வினையில் முடிகிறது. அழுத்தம் பெரும்பாலும் வினைக்குச் சற்று முன்னே விழுகிறது. பெயரெச்சத் தொடர்கள் பெயருக்கு முன்னே குவிகின்றன. அதனால் யாரைப் பற்றிய பேச்சு என்று தெரியும் முன்பே அடுக்கடுக்கான அடைகளை வாசகர் சுமக்க நேர்கிறது. ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்படும் ஆய்வு நடையில் இந்தச் சுமை இன்னும் கூடுகிறது. எழுவாய்க்கும் வினைக்கும் இடையில் எவ்வளவு திணிக்கலாம் என்பதே தமிழ்ச் செம்மையாக்கத்தின் தனிச் சிக்கல் என்று தோன்றுகிறது.

அடர்த்தியின் பயன்

ஆய்வு நடையின் இறுக்கம் வெறும் கெட்ட பழக்கம் என்பதை மொழியியலாளர் ஹாலிடே ஏற்கவில்லை. அறிவியல் நடை உருவான வரலாற்றை அவர் நியூட்டனின் 1704ஆம் ஆண்டு ஒளியியல் நூல் வரை சென்று ஆராய்ந்தார். ஒரு வாக்கியத்தில் வினையாக வந்த நிகழ்வை அடுத்த வாக்கியத்தில் பெயராக்குவதால் வாதம் படிப்படியாக முன்னேறுகிறது என்பது அவர் கண்டது. ‘வெப்பம் ஏறும்போது தண்டவாளம் நீள்கிறது. இந்த நீட்சிக்கு இடம் விட்டே இணைப்புகள் அமைகின்றன’ என்று எழுதும்போது, ‘நீட்சி’ என்ற பெயர் முதல் வாக்கியத்தை முழுதாக ஏந்தி வருகிறது. தொழிற்பெயர்களை எல்லாம் வினையாக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு திருத்தினால் இந்த இணைப்பு அறுந்துபோகும்.

டக்ளஸ் பைபரும் பெத்தனி கிரேயும் 2016இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு முக்கியமான செய்தியைத் தருகிறது. இன்றைய ஆங்கில ஆய்வு நடை துணைவாக்கியங்களால் சிக்கலாவதைவிட, பெயர்த்தொடர்களின் நெருக்கத்தால் சிக்கலாகிறது. அந்த நெருக்கம் சொற்களை மிச்சப்படுத்துகிறது. கூடவே, எது எதோடு எப்படித் தொடர்புடையது என்பதை மறைத்தும் விடுகிறது. துறையறிந்தவர் அதை ஊகித்துக்கொள்வார்; புதியவர் திணறுவார். சுருக்கமும் தெளிவும் நேரடியாக மோதும் இடம் இது.

மைக்கேல் பில்லிக் 2013இல் எழுதிய நூல் இதே பெயராக்கத்தைச் சமூக அறிவியலின் பெருங்குறையாகக் காண்கிறது. பெயர்ச்சொற்கள் பெருகும்போது செயலைச் செய்த மனிதர்கள் வாக்கியத்திலிருந்து காணாமல் போகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. ‘நிலவுரிமை இழப்பு ஏற்பட்டது’ என்று எழுதலாம். நிலத்தை எடுத்தது யார், இழந்தது யார் என்று சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். ஹாலிடேயும் பில்லிக்கும் முரண்படுவது போலத் தெரிந்தாலும், முன்னே விளக்கப்பட்டதை ஏந்திவரும் பெயர் பயனுள்ளது, விளக்காமல் விட்டதை மூடும் பெயர் தீங்கானது என்று இருவரையும் ஒருவாறு இணைத்துப் படிக்கலாம்.

கடின நடைக்கான வாதம்

தெளிவு என்ற கோரிக்கையையே ஐயுறுபவர்களும் உண்டு. எளிதில் விளங்குவது பெரும்பாலும் ஏற்கெனவே ஒத்துக்கொள்ளப்பட்டதுதான். புதிய சிந்தனை பழகிய தொடர்களை உடைத்தே வர வேண்டும் என்ற எண்ணம் மெய்யியலாளர் தியடோர் அடோர்னோவின் எழுத்தில் வலுவாக உள்ளது. 1998இல் ஒரு மெய்யியல் இதழ் நடத்திய மோசமான நடைப் போட்டியில் ஜூடித் பட்லரின் வாக்கியம் முதலிடம் பெற்றது. பட்லர் 1999 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸில் பதில் எழுதினார். இயல்பறிவு என்று நாம் கொள்வதில் அநீதியும் ஒளிந்திருக்கலாம், அதைக் கேள்விக்குள்ளாக்க மொழி சற்றே கடினமாக வேண்டியிருக்கும் என்பது அவர் நிலைப்பாடு. அதே ஆண்டின் தொடக்கத்தில் மார்த்தா நஸ்பாம் எதிர்நிலையை முன்வைத்திருந்தார். புரியாத நடை வாசகரை வாதத்தில் பங்குபெற விடாமல் அடிபணிய வைக்கிறது என்று அவர் கண்டித்தார்.

கடினத்தை ஆதரிப்போரின் வாதத்தில் உண்மை இருக்கிறது. எல்லாக் கருத்தையும் எளிய சொல்லுக்குள் அடக்கிவிட முடியாது. ஆனால் கருத்தின் கடினத்தையும் நடையின் கடினத்தையும் பிரித்தறியும் வழியை அது தருவதில்லை. ஆழமான வாதத்துக்குக் கிடைக்கும் அதே சலுகை, அக்கறையின்றி எழுதியதற்கும் கிடைத்துவிடுகிறது.

தயக்கச் சொற்கள்

சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவன ‘இருக்கலாம்’, ‘தோன்றுகிறது’ போன்ற சொற்கள். கென் ஹைலண்ட் 1998இல் வெளியிட்ட ஆய்வு, அறிவியல் கட்டுரைகளில் இவை சான்றின் வலுவை அளந்து சொல்லும் கருவிகள் என்று விளக்குகிறது. சான்று எவ்வளவு தாங்குமோ அவ்வளவே சொல்வது ஆய்வாளரின் நேர்மை. அந்தச் சொல்லை நீக்குவது கூற்றின் பொருளையே மாற்றுவதாகும்.

தமிழ் ஆய்வேடுகளில் இதற்கு மறுபக்கமும் உண்டு. ‘எனலாம்’, ‘காணமுடிகிறது’, ‘குறிப்பிடத்தக்கது’, ‘கூறினால் மிகையாகாது’ முதலியவை பல இடங்களில் வாக்கியத்தை மூடும் வழக்கமாகிவிட்டன. ஐயத்துக்கு இடமில்லாத பிறந்த ஆண்டின் பின்னும் ‘எனலாம்’ வந்து நிற்கிறது. எல்லா இடத்திலும் தயங்கும் நடையில் உண்மையான தயக்கம் எது என்று வாசகருக்குத் தெரியாமல் போகிறது. ஆகவே செம்மையாக்குபவர் ஒவ்வொரு ‘எனலாம்’ முன்னும் நின்று, இங்கே ஐயம் உண்டா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

சோதனைகள் காட்டுவது

ஸ்காட் ஆம்ஸ்ட்ராங் 1980இல் மேலாண்மைத் துறைக் கட்டுரைகளின் முடிவுரைகளை எளிமையாகவும் கடினமாகவும் மாற்றி எழுதிப் பேராசிரியர்களிடம் தந்தார். கடினமான வடிவத்துக்கே கூடுதல் மதிப்பு கிடைத்தது. டேனியல் ஓப்பன்ஹைமர் 2006இல் வெளியிட்ட சோதனைகளில் தேவையின்றிக் கடினச் சொல் பெய்த எழுத்தாளரை வாசகர்கள் அறிவு குறைந்தவராக மதிப்பிட்டனர். முன்னதில் படித்தவர்கள் துறைப் பேராசிரியர்கள், பின்னதில் பெரும்பாலும் மாணவர்கள். தெளிவு எப்போதும் பாராட்டப்படும் என்று உறுதி சொல்ல முடியாது என்பதே இவற்றிலிருந்து கொள்ளத்தக்க எச்சரிக்கை.

2017இல் ஈலைஃப் இதழில் வந்த ஆய்வு, 1881 முதல் 2015 வரை 123 இதழ்களில் வெளியான 7,09,577 ஆய்வுச்சுருக்கங்களை அளந்து, அவற்றின் வாசிப்பு எளிமை குறைந்துகொண்டே வருவதாகக் கண்டது. அளவுகோல் முன்னே சொன்ன சூத்திரங்கள்தான் என்பதால் முடிவை நிதானத்தோடு ஏற்க வேண்டும். இருந்தாலும் போக்கு கவலை தருகிறது.

ஒரு வாக்கியம், மூன்று நிலைகள்

இந்த விடைகள் செம்மையாக்கத்தில் எப்படி மோதுகின்றன என்பதை, எடுத்துக்காட்டுக்காக அமைத்த ஒரு வாக்கியத்தில் காணலாம் (குடிமராமத்து என்பது ஊரார் கூடிக் கண்மாய்களைப் பராமரிக்கும் முறை):

‘சிவகங்கை மாவட்டக் கண்மாய்களின் பராமரிப்பு முறைகளில் ஏற்பட்ட மாற்றங்கள் குறித்து மேற்கொள்ளப்பட்ட இவ்வாய்வின் வாயிலாக, குடிமராமத்து முறையின் வீழ்ச்சியானது வேளாண்மையின் மீது பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியுள்ளது என்பதை அறியமுடிகிறது எனலாம்.’

22 சொற்கள். சுருக்கத்தை மட்டும் நோக்கினால் 8 சொற்களில் முடித்துவிடலாம்: ‘சிவகங்கை மாவட்டத்தில் குடிமராமத்து முறையின் வீழ்ச்சி வேளாண்மையைப் பெரிதும் பாதித்துள்ளது.’ படிக்க எளிது. ஆனால் கண்மாய் மறைந்துவிட்டது. நல்லதா கெட்டதா என்று சொல்லாத ‘தாக்கம்’ கேடாக மாறிவிட்டது. ‘எனலாம்’ நீங்கியதால் கூற்று முன்பைவிட உறுதியாகிவிட்டது. சொல்லைக் குறைத்தவர் தம்மை அறியாமல் ஆய்வு முடிவையே திருத்திவிட்டார்.

தெளிவை நோக்குபவர் வெட்டும் முன் ஆய்வாளரிடம் கேட்பார்: வீழ்ந்தது எது? வேளாண்மையில் மாறியது பரப்பா, பயிரா, விளைச்சலா? எந்தச் சான்றால் தெரிந்தது? இவற்றுக்கு ஆய்வாளர் தரும் விடைகளைப் பொறுத்து வாக்கியம் இப்படி அமையலாம்: ‘சிவகங்கை மாவட்டத்தில் கண்மாய்களை ஊரார் கூடித் தூர்வாரும் வழக்கம் நின்றுபோன கிராமங்களில் நெல் சாகுபடிப் பரப்பு குறைந்ததை அடங்கல் பதிவேடுகள் காட்டுகின்றன, குடிமராமத்து நின்றது இதற்கு ஒரு காரணமாக இருக்கக்கூடும்.’

இதுவும் 22 சொற்கள்தான். நீளம் குறையவில்லை, ஆனால் இடம், செயல், சான்று, ஐயத்தின் அளவு எல்லாம் தெரிகின்றன. முதல் வாக்கியத்தில் இடத்தைத் தவிர இவை எதுவும் தெளிவாக இல்லை என்பதால், எந்த வெட்டும் ஒட்டும் இவற்றை அதிலிருந்து எடுத்திருக்க முடியாது. ஆய்வாளர் விடை சொல்ல முடியாமல் திணறினால் குறை நடையில் இல்லை, ஆய்வில் இருக்கிறது.

முடிவாகாத கேள்விகள்

மூன்று கேள்விகள் இன்னும் முடிவாகவில்லை. முதலாவது, செம்மையாக்குபவரின் உரிமை எதுவரை? கேள்வி கேட்டு விடை வாங்குவதற்கும், விடையைத் தாமே எழுதிவிடுவதற்கும் இடையிலான கோடு ஆய்வேட்டில் மிக முக்கியம், ஏனெனில் பட்டம் ஆய்வாளருக்குரியது. இரண்டாவது, இயந்திரம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு செம்மையாக்கத்தில் செயற்கை நுண்ணறிவின் பங்கு வேகமாகப் பெருகியது. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு 2023இல், அத்தகைய கருவியை ஆசிரியராகக் குறிப்பிடக் கூடாது, பயன்படுத்தியிருந்தால் தெரிவிக்க வேண்டும் என்று நெறிப்படுத்தியது. இயந்திரம் மேலே கண்ட 8 சொல் வாக்கியத்தை நொடியில் தரும். அங்கே ஆய்வாளரிடம் கேட்கப்பட வேண்டிய மூன்று கேள்விகளை அது கேட்குமா என்பது, அதைப் பயன்படுத்துபவர் என்ன வேண்டுகிறார் என்பதைப் பெரிதும் பொறுத்தது.

மூன்றாவது, தமிழுக்கான அளவுகோல். எழுவாய்க்கும் வினைக்கும் உள்ள தூரம், பெயரெச்ச அடுக்கு, சேர்த்தெழுதும் வழக்கம் ஆகியவை வாசிப்பை எப்படிப் பாதிக்கின்றன என்பதைத் தமிழ் வாசகர்களைக் கொண்டே சோதித்தறிய வேண்டும். ஆங்கிலக் கையேட்டின் விதிகளைப் பெயர்த்துத் தருவது அதற்கு ஈடாகாது. நன்னூலின் பத்து அழகுகளைப் பெருமையோடு சொல்லி நிறுத்துவதும் ஈடாகாது.

இதுவரையிலான விடைகளைச் சீர்தூக்கினால் ஒன்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். சுருக்கத்தைப் பக்கத்தை எண்ணியே அறியலாம். தெளிவை அறிய, யார் படிக்கப் போகிறார் என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் மோதும் இடத்தில் தெளிவுக்கே முன்னுரிமை தர வேண்டும். தெளிவும் சான்றின் அளவும் மோதினால் சான்றுக்கே முன்னுரிமை. இந்த வரிசையை மாற்றிப் போடும் செம்மையாக்கம், எவ்வளவு அழகாக இருந்தாலும், ஆய்வுக்குத் தீங்கு செய்கிறது. நெறியாளர்களும் இதழாசிரியர்களும் மாணவரின் பிரதியில் வாக்கியத்தை அடிக்கும் முன், அதன் ஓரத்தில் ஒரு கேள்வியை எழுதட்டும்.